அயர்லாந்துக் குடும்ப வரலாறு: கணக்கெடுப்புப் படிவத்தில் தொடங்குவதா, பதிவேட்டில் தொடங்குவதா?

அயர்லாந்தில் வேர் கொண்ட ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடப் புறப்படுபவர் முன்னால் ஐந்து வகை ஆவணங்கள் இருக்கின்றன: 1901, 1911 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள், அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள், கத்தோலிக்கப் பங்குகளின் (ஆலய வட்டாரங்களின்) பதிவேடுகள், கிரிஃபித் மதிப்பீடு எனப்படும் நில மதிப்பீட்டு நூல்கள், அதற்கும் முந்திய, திருச்சபை வரிக்காக எழுதப்பட்ட தசமபாகக் கணக்குகள். இவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எனவே ஆவணம் கிடைப்பதில் சிக்கல் இல்லை. எதை முதலில் திறப்பது, எதை எவ்வளவு நம்புவது என்பதில்தான் சிக்கல். தொடங்கும் இடம் தவறிப்போனவர்கள், அதே பெயர் கொண்ட வேறொரு குடும்பத்தின் பின்னால் மாதக்கணக்கில் அலைந்துவிட்டுத் திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூதாதையர் 1901-க்கு முன்பே கப்பலேறிப் போயிருந்தாலும்கூடப் பெரும்பாலானோருக்கு 1911-ஆம் ஆண்டுப் படிவமே நல்ல தொடக்கம். ஆனால் அதில் உள்ள ஊர்ப் பெயரை நம்பும் அளவுக்கு அதில் உள்ள வயதை நம்பக் கூடாது.

இங்கிலாந்தின் கணக்கெடுப்புகளில் தேடிப் பழகியவர்கள், 1841 வரை பத்துப் பத்து ஆண்டாகப் பின்னோக்கிப் போகலாம் என்ற எதிர்பார்ப்புடன் அயர்லாந்துக்கு வருகிறார்கள். இங்கே அதற்கு வழியில்லை. அயர்லாந்தில் முதல் முழுக் கணக்கெடுப்பு 1821-இல் நடந்தது. அதன்பின் 1911 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் மூலப் படிவங்கள் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகத்தில் வைக்கப்பட்டிருந்தன. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று அந்தக் கட்டடம் வெடிப்பிலும் தீயிலும் அழிந்தபோது அவையும் ஏறத்தாழ முழுவதும் எரிந்துபோயின. 1861, 1871 படிவங்கள் அதற்கு வெகு முன்பே, புள்ளிவிவரம் தொகுத்து முடிந்ததும், அரசின் ஆணைப்படி அழிக்கப்பட்டிருந்தன. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. 1921-இல் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்ததால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1841-இல் 81,75,124 பேரும் 1851-இல் 65,52,385 பேரும் அயர்லாந்தில் வாழ்ந்ததாக அச்சிட்ட அறிக்கைகள் சொல்கின்றன. அந்தப் பத்தாண்டுகளுக்கு இடையில்தான் பெரும் பஞ்சம் வந்தது. யார் யார் இருந்தார்கள், யார் யார் இல்லாமல் போனார்கள் என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கக்கூடிய தாள்கள் போய்விட்டன, கூட்டுத்தொகை மட்டும் எஞ்சியிருக்கிறது. இந்தத் துறையில் எத்தனை ஆண்டுகள் கழித்தாலும் அந்த இழப்பை அமைதியாக நினைத்துப் பார்க்க என்னால் முடிவதில்லை.

எஞ்சிய துண்டுகள் சில உண்டு. 1821-க்கு கேவன், ஃபெர்மானா, கால்வே, மீத், ஆஃபலி ஆகிய கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற பிரிவுகளின்) சில பகுதிகளும், 1831-க்குப் பெரும்பாலும் லண்டன்டெரியும், 1841-க்கு கேவனின் கில்லஷாண்ட்ரா பங்கும், 1851-க்குப் பெரும்பாலும் ஆன்ட்ரிமின் சில பகுதிகளும் தப்பின. உங்கள் குடும்பம் அந்த இடங்களைச் சேர்ந்ததாக இருந்தால் அது பெரும் பேறு. மற்றவர்கள் அவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஆக, முழுமையாகக் கையில் இருப்பவை இரண்டு: 1901 மார்ச் 31 இரவின் கணக்கும், 1911 ஏப்ரல் 2 இரவின் கணக்கும். இங்கிலாந்தின் 1901 கணக்கெடுப்பில் இன்று நாம் பார்ப்பது கணக்கெடுப்பாளர் பிரதி எடுத்த புத்தகம். அயர்லாந்தில் குடும்பத் தலைவரே தம் கையால் நிரப்பிய தாள் 1901-க்கும் 1911-க்கும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. எழுதத் தெரியாத வீட்டில் கணக்கெடுக்க வந்த காவலர் நிரப்பியிருப்பார், வீட்டுக்காரர் தம் அடையாளக் குறியை இட்டிருப்பார். கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தை அவருடைய பேரனின் மகள் முதன்முதலாகப் பார்க்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

தாளில் ஒவ்வொருவரின் பெயர், குடும்பத் தலைவருக்கு உறவுமுறை, சமயம், எழுத வாசிக்கத் தெரியுமா என்பது, வயது, தொழில், திருமண நிலை, பிறந்த கவுண்டி, ஐரிஷ் மொழி அறிவு ஆகியவை உள்ளன. 1911 இவற்றோடு மூன்று கேள்விகளைச் சேர்த்தது: இந்தத் திருமணம் நடந்து எத்தனை ஆண்டுகள், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இன்று உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. நான் 1911-ஐ முதலில் வைப்பதற்கு இந்த மூன்று கட்டங்களே முதன்மைக் காரணம். 14 ஆண்டுகள் என்று எழுதியிருந்தால் 1897-ஐ ஒட்டித் திருமணப் பதிவைத் தேடலாம். 9 பிறந்து 6 உயிருடன் என்றிருந்து, வீட்டில் நால்வர் மட்டும் இருந்தால், வெளியே போன இருவரையும் இறந்துபோன மூவரையும் தேட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. கேள்வி திருமணமான பெண்களுக்கு மட்டுமே உரியது என்றாலும், கைம்பெண்கள் பலர் அதை நிரப்பினார்கள். பிறகு அது அடிக்கப்பட்டிருக்கும். அடித்தலுக்குக் கீழே எண்கள் தெரிகின்றன. அவற்றை விட்டுவிடக் கூடாது.

பெயர் பட்டியலோடு நின்றுவிடுபவர்கள் பாதியை இழக்கிறார்கள். அதே வீட்டுக்கான கட்டடப் படிவம் தனியாக உண்டு. சுவர் கல்லா மண்ணா, கூரை கற்பலகையா வைக்கோலா, அறைகள் எத்தனை, முன்பக்கம் சன்னல்கள் எத்தனை என்பதற்கெல்லாம் புள்ளி இட்டு, வீட்டை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை ஏதேனும் ஒன்றில் அடக்கியிருப்பார்கள். தொழுவம், கோழிக்கூடு, பன்றிக்கொட்டில் ஆகியவற்றுக்கு இன்னொரு படிவம். வீட்டின் நில உரிமையாளர் பெயரும் கட்டடப் படிவத்தில் இருக்கும். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், யார் நம்மவர் என்று பிரித்துக் காட்டுவது பலமுறை இந்தக் கோழிக்கூடும் சன்னலும்தான்.

இனி வயது. என் மருமகளின் குடும்பம் மேயோ கவுண்டியைச் சேர்ந்தது. அவளுடைய முன்னோர்களில் ஒரு மூதாட்டிக்கு 1901-இல் வயது 58, 1911-இல் 73. பத்தாண்டில் பதினைந்து வயது கூடியிருந்ததைக் கண்டதும், இரண்டும் வேறு வேறு பெண்கள் என்று எண்ணி அந்தக் கிளையையே நாங்கள் சில வாரங்கள் ஒதுக்கி வைத்திருந்தோம். உண்மைக் காரணம் 1908-ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம். 1909 ஜனவரி முதல், வருமானம் குறைந்த 70 வயதினருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. ஆனால் எல்லோருடைய பிறப்பையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியதே 1864-இல்தான். 1909-இல் எழுபதைத் தொட்ட எவரிடமும் பிறப்புச் சான்று இருக்க வாய்ப்பில்லை. சிலர் ஓய்வூதியத்துக்காக வயதைக் கூட்டினார்கள் என்பது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, அதுவரை தம் வயதைக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே அவர்களில் பலருக்கு இருந்ததில்லை என்பது. அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இந்த ஓய்வூதியம் வேறொரு நன்மையையும் செய்துவிட்டது. வயதை மெய்ப்பிக்க 1841, 1851 கணக்கெடுப்புகளில் தம் பெயரைத் தேடித் தரும்படி முதியவர்கள் விண்ணப்பித்தார்கள். அந்த விண்ணப்பத்தில் பெற்றோரின் பெயரும், அப்போது வாழ்ந்த ஊரும் கேட்கப்பட்டன. அலுவலர்கள் தேடிக் கண்டதைக் குறித்து வைத்தார்கள். படிவங்கள் 1922-இல் எரிந்தன, ஆனால் இந்தத் தேடல் தாள்கள் பல தப்பி, இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1911-இல் 70 வயதைத் தாண்டியவர் யாரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், கிளையை நீட்ட இதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை.

அடுத்ததாக, அரசின் பதிவுகளோடு வைத்துப் பார்ப்போம். கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் 1845 முதலும், எல்லோருடைய பிறப்பு, திருமணம், இறப்பு 1864 முதலும் பதிவாயின. 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்பு ஆகியவற்றின் பக்கப் படங்களை அயர்லாந்து அரசு இலவசமாக இணையத்தில் தருகிறது. கணக்கெடுப்புப் படிவம் சொல்லாத ஒன்றைப் பிறப்புப் பதிவு சொல்கிறது: தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். திருமணப் பதிவு மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரையும் தொழிலையும் தருகிறது. தாயர் பெயரைத் தருவதில்லை. இறப்புப் பதிவு பொதுவாகப் பெற்றோரின் பெயரைச் சொல்வதில்லை. அப்படியானால் இதையே முதலில் திறக்கலாமே என்று கேட்கலாம். ஒரே பெயர் பலருக்கு இருப்பதுதான் தடை. கார்க் கவுண்டியில் சல்லிவன் என்ற குடும்பப் பெயரும் ஜான் என்ற பெயரும் கொண்ட பிறப்புகளை ஒரு பத்தாண்டுக்குத் தேடிப் பாருங்கள். பெற்றோர் பெயரோ ஊரோ கையில் இல்லாதவருக்கு அந்தப் பட்டியல் ஒரு காடு. கணக்கெடுப்பு அந்த ஜானை அவனுடைய அண்ணன் தங்கைகளோடும், பெற்றோரோடும், ஊரோடும் ஒரே தாளில் நிறுத்திக் காட்டுகிறது. பிறகு பிறப்புப் பதிவுக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும்.

ஊர் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது டவுன்லேண்ட் எனப்படும் நிலப் பிரிவை. அயர்லாந்தில் இவை 60,000-க்கும் மேல். ஒரே கவுண்டியில் ஒரே பெயரில் இரண்டு மூன்று இருப்பதும் உண்டு. எனவே பெயரோடு, அது எந்தத் தேர்தல் வட்டத்தில், எந்தப் பங்கில் அடங்கியது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய கவுண்டிப் பெயர்களையும் நினைவில் வையுங்கள்: இன்றைய லீஷ் அன்று குவீன்ஸ் கவுண்டி, இன்றைய ஆஃபலி அன்று கிங்ஸ் கவுண்டி. இந்த ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டால் மற்ற நான்கு வகை ஆவணங்களும் திறந்துகொள்கின்றன. கிடைக்காதவரை அவற்றில் எதுவும் உறுதியான விடை தராது.

தேடும் முறை பற்றி ஒரு வார்த்தை. குடும்பப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி, கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். 1901-இல் சல்லிவன் என்று எழுதியவர் 1911-இல் ஓ'சல்லிவன் என்று எழுதியிருப்பார். பிரிஜிட் என்று ஞானஸ்நானம் பெற்றவள் டீலியா ஆகியிருப்பாள். ஹானோரா என்பவள் நோரா ஆகியிருப்பாள். மொழி மறுமலர்ச்சியில் ஈடுபட்டவர்கள் 1911 படிவத்தை ஐரிஷ் மொழியிலேயே நிரப்பினார்கள். பின்னாளில் 1916 எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ் அவர்களில் ஒருவர். அவர்களை ஆங்கிலப் பெயரில் தேடினால் அகப்பட மாட்டார்கள். காவலர் முகாம்களிலும் மனநல இல்லங்களிலும் இருந்தவர்களுக்குப் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே உண்டு. பெயரால் கிடைக்காதபோது கவுண்டி, தேர்தல் வட்டம், டவுன்லேண்ட் என்று இறங்கிச் சென்று அந்த ஊரின் எல்லா வீடுகளையும் படித்துவிடுவதே நல்லது. பெரும்பாலான ஊர்களில் அது சில பத்து வீடுகளுக்கு மேல் இராது. அக்கம்பக்கத்து வீடுகளில் இருக்கும் மாமன், சித்தப்பன் குடும்பங்களும் அப்போதுதான் கண்ணில் படும்.

பங்குப் பதிவேடுகள் 1864-க்கு முன்னால் செல்ல நமக்குள்ள முதன்மை வழி. அயர்லாந்து தேசிய நூலகம் தன்னிடம் உள்ள கத்தோலிக்கப் பதிவேடுகளின் நுண்படங்களை, பெரும்பாலும் 1880 வரையிலானவற்றை, 2015 முதல் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. நகரங்களில் அவை பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை போவதுண்டு. மேற்குக் கடற்கரைப் பங்குகள் பலவற்றில் 1830-களிலோ பஞ்சத்துக்குப் பிறகோதான் தொடங்குகின்றன. இலத்தீனில் எழுதியிருப்பார்கள், ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ், வில்லியம் அங்கே குலியெல்முஸ். ஞானப்பெற்றோரின் பெயர்களைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அவர்கள் உடன்பிறந்தாரே. ஆனால் பக்கங்கள் மங்கியவை, கையெழுத்து கடினம், எந்தப் பங்கு என்று தெரியாமல் நுழைந்தால் கண் வலிதான் மிச்சம். அயர்லாந்து சபை எனப்படும் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். அந்தச் சபை அரசுச் சபை என்ற நிலையை இழந்தபின், அதன் பதிவேடுகள் பலவும் பாதுகாப்புக்காகப் பொது ஆவண அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே 1922-இல் எரிந்தன. அவர்களுக்கு 1845 முதலான அரசுத் திருமணப் பதிவே முதல் துணை.

நில ஆவணங்களில் கிரிஃபித் மதிப்பீடு 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக வெளியானது. நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவர், குத்தகைக்கு விட்டவர், பரப்பு, மதிப்பு, வரைபட எண் ஆகியவை அதில் உண்டு. மனைவி மக்கள் இல்லை. அழிந்த கணக்கெடுப்புக்கு மாற்று என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை, ஏனெனில் குடும்பத் தலைவரின் பெயர் ஒன்றை மட்டும் தரும் ஏடு ஒரு குடும்பத்தை அடையாளம் காட்டுவதில்லை. ஆனால் ஊர் தெரிந்தபின் இதன் மதிப்பு பெரிது: மதிப்பீட்டுக்குப் பிறகு வந்த திருத்தப் புத்தகங்களில், ஒரு பெயர் அடிக்கப்பட்டு வேறொரு பெயர் எழுதப்பட்ட ஆண்டைக் கொண்டு தந்தை இறந்ததையோ குடும்பம் வெளியேறியதையோ கணிக்கலாம். 1823-க்கும் 1837-க்கும் இடைப்பட்ட தசமபாகக் கணக்குகள் இன்னும் ஒல்லியானவை. சமயம் எதுவானாலும் அயர்லாந்து சபைக்குச் செலுத்தவேண்டிய வரிக்காக எழுதப்பட்டதால், வேளாண் நிலம் வைத்திருந்தவர்களே அதில் உள்ளனர். நகரத்தாரும் நிலமற்ற கூலிகளும் பெரும்பாலும் இல்லை.

இப்போது முடிவுக்கு வருவோம். 1911-இலோ அதற்குப் பிறகோ குடும்பம் அயர்லாந்தில் இருந்தது என்றால், 1911, 1901, அரசுப் பதிவு, பங்குப் பதிவேடு, கிரிஃபித் என்ற வரிசையை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. மூதாதையர் 1864-க்கும் 1901-க்கும் இடையில் புறப்பட்டிருந்தால், அவர் கணக்கெடுப்பில் இருக்க மாட்டார், ஆனால் உடன்பிறந்தோரில் ஒருவராவது பெரும்பாலும் பண்ணையில் தங்கியிருப்பார். பெற்றோரின் பெயர் தெரிந்திருந்தால் அந்தத் தங்கியவரின் படிவம்தான் ஊரைக் காட்டும். பெற்றோர் பெயர் தெரியாவிட்டால், சென்ற நாட்டின் திருமண, இறப்பு ஆவணங்களில் அதைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். 1850-க்கு முன் போனவர்களுக்கு மட்டும் கணக்கெடுப்பு முதல் படி ஆகாது.

சென்னையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இந்தக் கடைசி வகையினர் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஐரோப்பியப் படைவீரர்களைப் பெருமளவில் அயர்லாந்தில் திரட்டியது. மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவே பின்னாளில், 1881-இல், ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாளம் ஆனது. அத்தகைய வீரர் ஒருவரின் வழிவந்தோர், மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளையும் கம்பெனிப் படைப் பட்டியல்களையும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் தேட வேண்டும். அரசப் படையில் இருந்தவரானால் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வுபெற்ற வீரர் தாள்களில் பிறந்த பங்கின் பெயரே கிடைக்கக்கூடும். அதன்பின்தான் அயர்லாந்து.

1926-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று ஐரிஷ் சுதந்திர நாடு நடத்திய முதல் கணக்கெடுப்பில் 29,71,992 பேர் எண்ணப்பட்டார்கள். 100 ஆண்டு மூடி வைக்கும் விதி முடிவதையொட்டி, 2026 ஏப்ரல் 18-ஐ அதன் வெளியீட்டு நாளாகத் தேசிய ஆவணக் காப்பகம் அறிவித்தது. வயதை ஆண்டும் மாதமுமாகக் கேட்டதாலும், வேலை கொடுத்தவரின் பெயரைக் கேட்டதாலும் அது 1911-ஐவிடச் செறிவானது. 1911-க்குப் பின் பிறந்த தாத்தா பாட்டியைத் தேடுபவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் அது 26 கவுண்டிகளுக்கு மட்டும். வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளில் அதே ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கின் படிவங்கள் இன்று இல்லை. அங்கே குடும்பம் கொண்டவர்களுக்கு 1911-க்குப் பின் பெல்ஃபாஸ்டில் உள்ள பொது ஆவண அலுவலகத்தின் மதிப்பீட்டுத் திருத்தப் புத்தகங்களும், கட்டணம் செலுத்திப் பார்க்கும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளும்தான் வழி.

பணம் செலவழிப்பதா என்ற கேள்விக்கு என் பதில், முதல் மூன்று மாதங்களுக்கு வேண்டாம் என்பது. கணக்கெடுப்பு, தெற்கின் அரசுப் பதிவுகள், பங்குப் பதிவேட்டுப் படங்கள், கிரிஃபித், தசமபாகக் கணக்கு எல்லாம் இலவசம். ஊரும் பங்கும் உறுதியானபின், இலவசப் படங்களில் படிக்க முடியாத பக்கங்கள் எவை என்று தெரிந்தபின், கவுண்டிகளின் குடும்ப வரலாற்று மையங்கள் படித்துப் பெயர்த்தெழுதிய தரவுகளைக் கொண்ட ரூட்ஸ்அயர்லாந்து தளத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டலாம். அந்த ஒரு மாதத்தில் தேட வேண்டிய பெயர்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.